பொதிக்குள் வந்த பைதன் இயங்க மறுக்கும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பைதன் என்ற செய்நிரல் மொழி கற்பிக்கப்படுவதால், வன்னியின் பாடசாலைக் கணினி அறைகளில் செய்நிரல் எழுதுவதற்கு ஏதாவதொரு கருவி தேவைப்படுகிறது. "கருவியை நிறுவியபின் பைதனைத் தனியாகப் பதிவிறக்கி நிறுவிக்கொள்ளுங்கள்" என்பது, துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ ஆசிரியர் ஒருவரின் கைப்பேசி டேட்டாவை நம்பியிருக்கும் கணினி அறைக்கு உதவாத அறிவுரை. அதனால் கிளிநொச்சியிலிருந்து நாங்கள் பேணிவரும் சிறிய மேசைக்கணினிக் கருவியைப் பைதன் ரன்டைமோடு, அதாவது பைதன் செய்நிரல்களை இயக்கும் மென்பொருளோடு, சேர்த்து ஒரே பொதியாகப் பென்ட்ரைவில் கொடுத்தனுப்புகிறோம். இந்த வழக்கம் புதியதன்று. குறிமுறை மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் விண்டோஸ் பொதி, பேர்ள் மொழியைத் தன்னோடு கொண்டுவருகிறது. முப்பரிமாண வரைகலைச் செயலியான பிளெண்டர் தனக்கென ஒரு பைதனை வைத்திருக்கிறது. சப்லைம் டெக்ஸ்ட் 4 என்ற உரைத்தொகுப்பி வெளிவந்தபோது 3.3, 3.8 என இரண்டு பைதன்களைச் சுமந்தபடி வந்தது.

பொதிக்குள் வரும் ரன்டைம் கட்டுச்சோற்றோடு புறப்பட்ட பயணியைப் போன்றது; வழியில் எந்த வீட்டிலும் கையேந்தக் கூடாது. கீழே வரும் அறிகுறிகளிற் பெரும்பாலானவை, ரன்டைம் அந்தக் கணினியிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டதால் அல்லது எடுக்க முயன்றதால் வந்தவை. ஆகவே கணினி அறையில் நின்று ஒவ்வொரு கணினியாகத் திருத்துவதைவிட, பொதியைத் திருத்தி மீண்டும் கொடுப்பதே சரியான வழி என்பது எங்கள் நிலைப்பாடு. விதிவிலக்குகள் உண்டு, அவற்றை அவ்வவ்விடத்தில் சொல்கிறோம். விவரங்கள் பெரும்பாலும் விண்டோஸைப் பற்றியவை, ஏனெனில் அறைகளில் இருப்பது பெரும்பாலும் அதுவே.

எதையும் தொடுமுன் பார்க்கவேண்டியது

தொலைபேசியில் வரும் முறைப்பாடு "வேலை செய்யுதில்லை" என்ற அளவில்தான் இருக்கும். அதிலிருந்து காரணத்தை ஊகிக்க முயலாமல், கருவியின் உதவிப் பட்டியலில் ஒரு நிலை அறிக்கைப் பக்கத்தை முன்கூட்டியே அமைத்துவிடுங்கள். இயங்கிக்கொண்டிருக்கும் பைதன் கோப்பின் முழுப் பாதை, பதிப்பெண், 32 பிட்டா 64 பிட்டா என்பது, மொடியூல்களை (செய்நிரல் அழைத்துப் பயன்படுத்தும் குறிமுறைக் கோப்புகளை) தேடும் பாதைகளின் பட்டியல், வெளியீட்டுக்கான என்கோடிங் (எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறை), பைதன் என்ற சொல்லோடு தொடங்கும் சூழல் மாறிகள் (இயங்குதளம் எல்லாச் செயலிகளுக்கும் கொடுக்கும் அமைப்பு மதிப்புகள்), கணினியின் இன்றைய திகதி ஆகியவை அதில் இருக்கவேண்டும். ஆசிரியர் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினால், பெரும்பாலான நேரங்களில் காரணம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்: கருவியின் கோப்புறைக்குள் இருக்கவேண்டிய பாதை வேறெங்கோ இருக்கும்.

இந்த அறிக்கையைப் பைதனைக் கொண்டே தயாரிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பைதனே எழும்பாத கணினியில் அது எழும்பாத காரணத்தைச் சொல்ல அதையே அழைப்பதில் பொருளில்லை. பாதை, சூழல் மாறிகள், திகதி மூன்றையும் கருவி தானாக எழுதட்டும். மற்றவற்றைப் பைதனிடம் கேட்டு, விடை வராவிட்டால் "விடை வரவில்லை" என்றே பதியட்டும்.

அறிகுறி: ஊடாட்டப் பொத்தானை (பைதனோடு வரிவரியாக உரையாடத் திறக்கும் பொத்தான்) அழுத்தினால் மைக்ரோசொப்ட் ஸ்டோர் திறக்கிறது

"தம்பி, பட்டனை அமத்தினா ஏதோ கடை ஒண்டு திறக்குது, ஆனா வெறுமையாக் கிடக்குது" என்று ஒரு ரீச்சர் சொன்னால், காரணம் அநேகமாக இதுதான். 2019 மே மாத மேம்படுத்தலிலிருந்து விண்டோஸ் 10 இல் பைதன் என்ற பெயரில் ஒரு போலிக் கோப்பு ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கிறது. எந்தக் கூடுதல் சொல்லும் இல்லாமல் அதை அழைத்தால் ஸ்டோரின் பதிவிறக்கப் பக்கம் திறக்கும். இணையம் இல்லாத அறையில் அந்தப் பக்கம் வெறுமையாக நிற்கும். ஒரு செய்நிரலின் பெயரைச் சேர்த்து அழைத்தாலோ ஸ்டோர் திறக்காது. பைதன் கிடைக்கவில்லை என்ற செய்தியோடு 9009 என்ற முடிவு எண் திரும்பி வரும். ஆகவே ஊடாட்டப் பொத்தான் கடையைத் திறப்பதும், இயக்கு பொத்தான் 9009 காட்டுவதும் ஒரே நோயின் இரு முகங்கள்.

போலிக் கோப்பு இங்கே குற்றவாளியன்று. கருவி தன் பொதியிலுள்ள பைதனை முழுப் பாதையோடு அழைக்காமல் வெறும் பெயரால் அழைத்திருக்கிறது. பெயரைத் தேடிப்போன விண்டோஸ், கைக்கு முதலில் அகப்பட்டதைக் கொடுத்துவிட்டது. விண்டோஸ் அமைப்புகளுக்குள் போய் அந்தப் போலிக் கோப்பின் மாற்றுப்பெயரை அணைத்துவிடலாம்தான், ஆனால் அடுத்த கணினியிலும் அதையே செய்யவேண்டி வரும். கருவி தான் நிறுவப்பட்டிருக்கும் இடத்தைத் தானே கண்டறிந்து, அதிலிருந்து பைதனின் முழுப் பாதையைக் கட்டி, அந்தப் பாதையில் கோப்பு இல்லாவிட்டால் தெளிவான செய்தியோடு நின்றுவிடவேண்டும். இல்லாதபோது கணினியில் உள்ள வேறொரு பைதனை எடுத்துக்கொள்ளலாம் என்று கருணை காட்டும் குறிமுறையை நீக்கிவிடுங்கள். அந்தக் கருணையால் வரும் பிழைகள் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

அறிகுறி: பழைய கணினியில் டிஎல்எல் இல்லை என்ற பெட்டி வருகிறது

நன்கொடையாக வந்த கணினிகளில் விண்டோஸ் 7 இன்னும் உயிரோடு இருக்கிறது. பைதன் 3.9 முதல் விண்டோஸ் 7 ஐ ஆதரிப்பதில்லை, 3.13 முதல் விண்டோஸ் 10 உம் அதற்குப் பிந்தியவையும் மட்டுமே. டிஎல்எல் என்பது செயலிகள் பகிர்ந்துகொள்ளும் நூலகக் கோப்பு. பெட்டியில் காட்டப்படும் அதன் நீண்ட பெயரின் நடுவே "கோர் பாத்" என்ற பகுதி இருந்தால், விண்டோஸ் 7 இல் 3.9 அல்லது அதற்குப் பிந்திய பைதனை ஓட்ட முயன்றிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த டிஎல்எல்லை இணையத்தில் தேடி எடுத்துக் கோப்புறைக்குள் போடும் வழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்பவர்களையும் தடுங்கள். முகவரி தெரியாத தளத்திலிருந்து வரும் டிஎல்எல் ஒன்று பாடசாலை முழுவதற்கும் வேறு நோயைக் கொண்டுவரும்.

பெயரில் "சிஆர்டி ரன்டைம்" என்ற பகுதி இருந்தால் கதை வேறு. விண்டோஸ் 10 இன் பகுதியாகவே வரும் பொது சி ரன்டைம் (சி மொழியில் எழுதிய செயலிகளுக்குத் தேவையான நூலகம்) அந்தப் பழைய கணினியில் இல்லை. பைதனின் பொதித்தற்கான வடிவத்தில், அதாவது வேறு மென்பொருளுக்குள் வைப்பதற்கென வெளியிடப்படும் சிறிய வடிவத்தில், இது சேர்க்கப்படுவதில்லை. கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு பொதி செய்பவருடையது என்று அதன் ஆவணமே சொல்கிறது. விண்டோஸ் 7 க்கு கேபி2999226 என்ற திருத்தமும், பைதன் 3.8 க்கு அதனோடு கேபி2533623 உம் தேவை. கணினியையே திருத்தவேண்டிய விதிவிலக்குகளில் இது ஒன்று.

விண்டோஸ் 7 அறைகளுக்கென 3.8.10 ஐ வைத்துத் தனிப்பொதி ஒன்றைச் செய்வதே நடைமுறைக்கு ஒத்த தீர்வு. 2021 மே மாதத்தில் வந்த அந்தப் பதிப்புக்குப் பின்னர், 3.8 வரிசையில் விண்டோஸுக்கான ஆயத்தப் பொதிகள் வெளியாகவில்லை. 2024 ஒக்டோபரோடு அந்த வரிசைக்கான பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிட்டன. ஆகவே அந்தப் பொதி இணையத்தில் இணையாத, பாடம் படிப்பதற்கு மட்டுமான கணினிக்குரியது என்பதைப் பொதியின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

32 பிட் விண்டோஸில் 64 பிட் பொதியைப் போட்டால் இந்த விண்டோஸில் இச்செயலி ஓடாது என்ற வகைச் செய்தி வரும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றப் பொதியைக் கொடுங்கள்.

அறிகுறி: "என்கோடிங்ஸ் என்ற மொடியூல் இல்லை" என்று சொல்லி உடனே நின்றுவிடுகிறது

இந்தச் செய்தியைக் கண்டு என்கோடிங் பற்றி யோசிக்கத் தொடங்குபவர்கள் ஒரு பிற்பகலை இழப்பார்கள். பைதன் எழும்பும்போது முதலில் தேடும் நூலகக் கோப்புகளுள் அது ஒன்று என்பதால் அதன் பெயர் வருகிறது. உண்மையில் முழு நூலகமும் காணாமற் போயிருக்கிறது.

பொதித்தற்கான வடிவத்தில், பைதனின் அடிப்படை நூலகம் முழுவதும் ஒரே சிப் கோப்பாக, ரன்டைமின் டிஎல்எல்லுக்குப் பக்கத்தில் இருக்கும். அது சிப்பாகவே இருக்கவேண்டியது, விரிக்கவேண்டியதன்று. ஆனால் பென்ட்ரைவில் வந்த பொதியை விரிக்கும் உதவும் கரங்கள், உள்ளே இன்னொரு சிப் இருப்பதைக் கண்டு அதையும் விரித்து, இடம் மிச்சம் பிடிக்க மூலத்தை அழித்துவிடுவதுண்டு. அதனால் நிறுவியின் கடைசிப் படியில் அந்தச் சிப் கோப்பு இருக்கிறதா, அதன் எஸ்எச்ஏ-256 கூட்டு (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் கணித அடையாளம்) பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். பிரதி எடுக்கும்போது மின்சாரம் போய் அரைகுறையாக நின்ற கோப்பும் இதே சரிபார்ப்பில் அகப்படும்.

சிப் கோப்பு நலமாக இருந்தும் இதே செய்தி வந்தால், பைதன்ஹோம் என்ற சூழல் மாறியைப் பாருங்கள். முன்பு யாரோ நிறுவிய வேறொரு மென்பொருள் அதை விட்டுச்சென்றிருக்கும். பொதித்தற்கான வடிவத்தோடு, அடிக்கோட்டுக் குறியும் அதையடுத்து "பிடிஎச்" என்பதும் பின்னொட்டாகக் கொண்ட ஒரு சிறிய உரைக் கோப்பு வரும். ரன்டைம் டிஎல்எல்லின் பெயரையே தாங்கிய அந்தக் கோப்பு அருகில் இருக்கும்வரை, மொடியூல்களைத் தேடும் பாதை அதில் எழுதியபடி மட்டுமே அமையும். பைதன்ஹோம், பைதன்பாத் ஆகிய சூழல் மாறிகள், விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரி எதையும் பைதன் அதற்காகக் கேட்காது. ஆகவே பைதன்ஹோம் தொல்லை தருகிறது என்றால், அந்தக் கோப்பை யாரோ அழித்திருக்கிறார்கள் அல்லது பதிப்பு மாறியபோது பெயர் பொருந்தாமற் போயிருக்கிறது.

அறிகுறி: மாணவரின் இரண்டாவது கோப்பை இம்போர்ட் செய்ய (உள்ளே அழைத்துக்கொள்ள) முடியவில்லை

மாணவர் ஒருவர் நெல் விளைச்சலைக் கணிக்கும் சார்புகளை ஒரு கோப்பிலும், அவற்றை அழைக்கும் செய்நிரலை அதே கோப்புறையில் இன்னொரு கோப்பிலும் எழுதுகிறார். வீட்டுக் கணினியில் ஓடுகிறது, அறையில் ஓடவில்லை. மேலே சொன்ன பிடிஎச் கோப்பின் மறுபக்கம் இது: பாதையை முழுவதும் அதுவே தீர்மானிப்பதால், சாதாரண பைதன் தானாகச் சேர்க்கும் "செய்நிரல் இருக்கும் கோப்புறை" இங்கே சேர்வதில்லை.

பிடிஎச் கோப்பை அழித்தால் இந்த அறிகுறி மறையும். ஆனால் முந்தைய பகுதியில் சொன்ன அத்தனையும் திரும்பி வரும். கருவி, மாணவரின் கோப்பை நேரே ஓட்டாமல், பொதிக்குள் இருக்கும் ஒரு சிறிய தொடக்கச் செய்நிரலை ஓட்டட்டும். அது மாணவரின் கோப்புறையைத் தேடும் பாதையின் தலையில் சேர்த்துவிட்டு, பைதனின் நூலகத்திலுள்ள ரன்பை மொடியூலின் உதவியோடு மாணவரின் கோப்பைப் பிரதான செய்நிரலாக இயக்கும். பிழை வரும்போது காட்டப்படும் சுவட்டில் தொடக்கச் செய்நிரலின் வரிகளும் கலந்து வரும் என்பதால், அவற்றை வடிகட்டிக் காட்டுவது நல்லது. பதினேழு வயதுப் பிள்ளை தான் எழுதாத வரியில் பிழை என்று கண்டு குழம்பக் கூடாது.

மேலதிகப் பக்கேஜ்களுக்காக (பிறர் எழுதிய கூடுதல் மொடியூல் தொகுதிகளுக்காக), பிடிஎச் கோப்பில் வெறும் குறிப்பாக முடக்கி வைக்கப்பட்டிருக்கும் "இம்போர்ட் சைட்" வரியைத் திறப்பவர்கள், இயக்கும் கட்டளையில் சிறிய எஸ் கொடியையும் (-s என்ற கட்டளைத் தெரிவையும்) சேர்த்துக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பயனரின் கணக்கில் முன்பு நிறுவப்பட்ட பக்கேஜ்கள் பொதிக்குள் புகுந்துவிட இடமுண்டு.

அறிகுறி: தமிழ் வந்தவுடன் எல்லாம் குழம்புகிறது

ஆங்கிலக் கருவி செய்பவர்கள் பெரும்பாலும் காணாததும், நம் அறைகளில் முதல் நாளே வருவதும் இதுதான். ஆகவே சற்று விரிவாகப் பார்ப்போம். ஒரே பெயரில் வரும் இந்த முறைப்பாட்டுக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு பிழைகள் இருக்கின்றன.

முதலாவது, கோப்பை வாசிக்கும்போது நின்றுவிடுவது. விண்டோஸில் தமிழ் அமைப்பு மொழிக்கென 8 பிட் குறிப்பக்கம் (ஒவ்வொரு பைட்டுக்கும் ஓர் எழுத்தைக் குறிக்கும் அட்டவணை) எதுவும் இல்லை. இங்குள்ள கணினிகளில் அமைப்பு மொழி ஆங்கிலமாக இருப்பதால் 1252 என்ற மேலைத்தேயக் குறிப்பக்கமே இயல்பாக அமர்ந்திருக்கிறது. என்கோடிங்கைக் குறிப்பிடாமல் பைதனில் ஒரு கோப்பைத் திறந்தால், அந்தக் குறிப்பக்கத்தின்படிதான் வாசிக்கப்படும். யூடிஎஃப்-8 இல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகள். மெய்யின் மேலுள்ள புள்ளியின் மூன்றாவது பைட் 141. உகரக் குறியினுடையது 129. ஏ, ஐ ஆகிய உயிரெழுத்துகளினுடையவை 143, 144. இந்த நான்கு எண்களுக்கும் 1252 குறிப்பக்கத்தில் எழுத்தே இல்லை. ஆகவே "வன்னி" என்ற சொல் மட்டும் உள்ள கோப்பை வாசித்தால், வகரத்துக்கு மூன்று பைட், னகரத்துக்கு மூன்று பைட் கடந்து, புள்ளியின் கடைசிப் பைட்டில், அதாவது 0 இலிருந்து எண்ணினால் 8 ஆம் இடத்தில், பைதன் நின்றுவிடும். பிழைச் செய்தியிலும் அந்த 8 அப்படியே இருக்கும். "வவுனியா" என்று எழுதினாலும் அதே 8 ஆம் இடம், ஆனால் இம்முறை உகரக் குறியால். "விவசாயி" என்று எழுதிப்பாருங்கள்: புள்ளியும் இல்லை, உகரக் குறியும் இல்லை; பிழை எதுவும் வராமல் 7 குறிகள் 21 கிறுக்கல்களாக அமைதியாக உள்ளே போய்விடும். பிழை சொல்லி நிற்பதைவிட இது ஆபத்தானது, ஏனெனில் மாணவர் அதைச் சேமித்தும் விடுவார்.

இரண்டாவது, அச்சிடும்போது நின்றுவிடுவது. கறுப்புக் கட்டளைச் சாளரத்தில் தமிழ் சரியாக அச்சாகும் செய்நிரல், கருவிக்குள் ஓட்டினால், எழுத்தைக் குறிப்பக்கத்துக்கு மாற்ற முடியவில்லை என்று பொருள்படும் "சார்மாப்" பிழையைத் தருகிறது. பைதன் 3.6 முதல் சாளரத்துக்கு எழுதும்போது யூடிஎஃப்-8 ஐயே கையாள்கிறது. ஆனால் கருவி வெளியீட்டைக் குழாய் (ஒரு செயலியின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொடுக்கும் வழி) வழியாக வாங்குவதால், எதிரே சாளரம் இல்லை என்று கண்டு பைதன் மீண்டும் 1252 க்குப் போய்விடுகிறது.

இவ்விரண்டுக்கும் மருந்து ஒன்றே. இயக்கும் கட்டளையில் பெரிய எக்ஸ் கொடியோடு யூடிஎஃப்8 என்று கொடுத்தால், 3.7 முதல் கிடைக்கும் யூடிஎஃப்-8 முறை இயங்கும். திறக்கும் கோப்புகளும் குழாய்களும் அதற்கு மாறிவிடும். சூழல் மாறியாலும் இதைச் செய்யலாம், ஆனால் சூழலைக் கேட்காதே என்று ஏற்கெனவே அடைத்து வைத்த ரன்டைமுக்குச் சூழல் வழியே கட்டளை அனுப்புவது முறையன்று. கட்டளை வரியிலேயே கொடுங்கள். பைதன் 3.15 இலிருந்து இந்த முறையே இயல்பானதாக இருக்கும் என்று முடிவாகியிருக்கிறது. அதுவரை, மாணவர்கள் கோப்பைத் திறக்கும்போது என்கோடிங்கைத் தாங்களே குறிப்பிடும் பழக்கத்தைக் கற்பதே நல்லது. வீட்டுக் கணினியில் நம் கொடி இருக்காது.

மூன்றாவது பிழை கருவியினுடையது. சிறிய வெளியீடுகள் சரியாக வருகின்றன. நீண்ட தமிழ் வெளியீட்டில் மட்டும் ஆங்காங்கே ஒரு கேள்விக்குறிக் கட்டம் தோன்றுகிறது. குழாயிலிருந்து 4096 பைட்டுகளாக வாசிக்கும் கருவியை எடுத்துக்கொள்வோம். 4096 மூன்றால் மீதமின்றி வகுபடாது. வெளியீடு முழுவதும் தமிழானால் 1365 குறிகள் முழுமையாக வந்து, 1366 ஆவதின் முதல் பைட் மட்டும் இந்தத் துண்டில் ஒட்டிக்கொள்ளும். மற்ற இரண்டும் அடுத்த துண்டில் வரும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே எழுத்தாக மாற்றினால் அந்தக் குறி இரண்டு பக்கமும் உடைந்துவிடும். முடிவுறாத பைட்டுகளை அடுத்த துண்டு வரும்வரை கையில் வைத்திருக்கும் படிமுறை டிகோடரைப் பயன்படுத்துங்கள். பெரும்பாலான மொழிகளின் நூலகங்களில் அது இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இந்தப் பிழை வாழ்நாளில் அகப்படாது.

நான்காவது, பயனர் கணக்கின் பெயர் அல்லது கோப்புறையின் பெயர் தமிழில் இருந்தால் கருவி பாதையில் வெறும் கேள்விக்குறிகளைக் காட்டி, கோப்பு இல்லை என்கிறது. கருவி பழைய 8 பிட் விண்டோஸ் சார்புகளால் பைதனை அழைக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அகன்ற எழுத்துச் சார்புகளுக்கு மாறுங்கள்.

இவை நான்கிலும் சேராத ஒன்றும் உண்டு. மாணவர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை எடுத்து ஒட்டியிருந்தால், கருவியில் ஆங்கில எழுத்துகளும், புள்ளி இருக்கவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளிக் குறிகளுமே தெரியும். அது கருவியின் பிழையன்று. உரையே ஒருங்குறியில் இல்லை. முறைப்பாட்டுப் பதிவில் அதைத் தனி வகையாக வைத்துக்கொண்டால் நேரம் மிச்சம்.

அறிகுறி: ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரல் கடைசி வரை எதையும் காட்டுவதில்லை

இதுவும் குழாயின் வேலை. சாளரம் இல்லாதபோது பைதன் வெளியீட்டைச் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பும். சிறிய யூ கொடியைக் கொடுத்தால் உடனுக்குடன் வரும். முடிவில்லாச் சுற்றுக்குள் மாட்டிய மாணவருக்குத் தன் தவறு திரையில் ஓடுவதைக் காண்பதே பாதிப் பாடம் என்பதால், இந்தக் கொடியை எப்போதும் கொடுங்கள்.

அறிகுறி: ஆமை வரையவில்லை

ஆமை வரைதலுக்கான டர்ட்டில் மொடியூல், சாளரங்களை வரையும் டிகின்டர் மொடியூலை நம்பியது. பொதித்தற்கான வடிவத்தில் டிகின்டர் கிடையாது. பக்கேஜ்களை நிறுவும் பிப் உம், தனித்த பைதன் சூழலை அமைக்கும் வெனவ் உம் அதில் இல்லை. வேறு செயலிக்குள் புதைப்பதற்கென எண்ணிய சிறிய வடிவம் அது. வகுப்பறையை மனதில் வைத்துச் செய்யப்பட்டதன்று. அதே பதிப்பெண்ணும் அதே பிட் அளவும் கொண்ட முழு நிறுவியிலிருந்து டிகின்டர் கோப்புறை, அதன் பிவைடி கோப்பு (பைதனுக்கான டிஎல்எல்), டிகின்டர் நம்பியிருக்கும் டிசிஎல், டிகே ஆகியவற்றின் டிஎல்எல்கள், டிசிஎல் கோப்புறை ஆகியவற்றை எடுத்துச் சேர்க்கலாம். பதிப்பெண்ணில் இரண்டாம் இலக்கம் மாறினாலும் சேராது. எங்கள் கருத்தில், வரைகலை பாடத்தின் பகுதியாக இருக்கும் இடத்தில் இப்படித் தைத்து ஒட்டுவதைவிட, இடம் மாற்றினாலும் ஓடும்படி கட்டப்பட்ட முழு பைதனையே பொதியில் வைப்பது மேல். சில பத்து மெகாபைட்டுகள் கூடும், பென்ட்ரைவுக்கு அது பாரமன்று.

அறிகுறி: மேலதிகப் பக்கேஜ் ஒன்றை இம்போர்ட் செய்தால் டிஎல்எல் ஏற்றம் தோல்வி

எண்கணிப்புக்கான நம்பை போன்ற, சி மொழியில் எழுதிய பகுதிகள் கொண்ட பக்கேஜ்கள் பைதனின் பதிப்புக்கும் பிட் அளவுக்கும் கட்டுண்டவை. பக்கேஜ் வரும் வீல் கோப்பின் பெயரிலேயே இரண்டும் எழுதப்பட்டிருக்கும், 3.11 க்கான வீலை 3.12 பொதிக்குள் போட்டால் ஏற்றாது. பெயர் பொருந்தியும் தோல்வி என்றால், அந்தப் பக்கேஜ் நம்பியிருக்கும் வேறொரு டிஎல்எல் கிடைக்கவில்லை. 3.8 முதல் விண்டோஸில் இவ்வகை டிஎல்எல்களைப் பாத் என்ற சூழல் மாறியிலுள்ள கோப்புறைகளில் தேடுவதில்லை என்பதால், அந்தக் கோப்புறையைத் தொடக்கச் செய்நிரலில் வெளிப்படையாகச் சேர்க்கவேண்டும்.

இணையமற்ற அறைக்கு வீல்களைக் கொண்டுபோகும்போது, இணையம் உள்ள கணினியில் பொதியின் பதிப்பையே சொல்லிப் பதிவிறக்கி, அறையில் இணையத்தை நாடாமல் கோப்புறையிலிருந்து மட்டும் நிறுவச் சொல்லுங்கள். நிறுவும் இடம் புரோகிராம் பைல்ஸ் ஆக இருக்கக் கூடாது. மாணவர் கணக்குக்கு அங்கே எழுதும் உரிமை இல்லை. உரிமையைத் திறந்துவிடும் தீர்வை எந்த நிலையிலும் ஏற்காதீர்கள்.

அறிகுறி: சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை

இணையம் உள்ள அறையிலும் பிப் எதையும் இறக்க மறுத்தால், செய்தியின் கடைசிப் பகுதியை வாசியுங்கள். சான்றிதழ் "இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை" என்று இருந்தால், பைதனை விட்டுவிட்டுப் பணிப்பட்டையின் மூலையிலுள்ள திகதியைப் பாருங்கள். தாய்ப்பலகையிலுள்ள சிஆர்2032 மின்கலம் செத்துப்போன கணினி, மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடுகிறது. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், இப்படியான கணினிகள் ஒவ்வொரு முறையும் கடந்த காலத்தில்தான் விழித்தன. இதுவும் பொதியால் தீராத விதிவிலக்கு. கிளிநொச்சிச் சந்தையில் கைக்கடிகாரம் திருத்துபவரிடமும் அந்த மின்கலம் கிடைக்கும்.

அறிகுறி: லினக்ஸ் மடிக்கணினியில் கருவி ஓடுகிறது, ஆனால் அதிலிருந்து திறக்கும் மற்றவை உடைகின்றன

பொதியின் நூலகங்களைக் காட்டுவதற்காகக் கருவி எல்டி லைப்ரரி பாத் என்ற, நூலகங்களைத் தேடும் இடத்தைச் சொல்லும் சூழல் மாறியை அமைத்திருக்கும். அந்த மாறி, கருவி திறக்கும் உலாவிக்கும் முனையத்துக்கும் பரம்பரைச் சொத்தாகப் போய், அவையும் நம் நூலகங்களை எடுத்து விழுகின்றன. மாறியை விட்டுவிட்டு, கோப்பின் இருப்பிடத்தைச் சார்ந்த ஆர்பாத்தை (செயலிக்குள்ளேயே எழுதிவைக்கும் நூலகப் பாதையை) கட்டும்போதே பதித்துவிடுங்கள். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் பதிப்பு போதாது என்ற செய்திக்கு, நீங்கள் ஆதரிக்கும் மிகப் பழைய லினக்ஸில் பொதியைக் கட்டுவதே ஒரே தீர்வு.

அறிகுறி: புதிய பதிப்பைப் போட்டபின் எதுவும் ஓடவில்லை

பழைய கோப்புறையின் மேலேயே புதியதை விரித்திருக்கிறார்கள். 3.11 இன் பிடிஎச் கோப்பும் சிப்பும் அங்கேயே கிடக்க, 3.12 இன் டிஎல்எல் பக்கத்தில் வந்து அமர்ந்திருக்கிறது. பழைய பிவைடி கோப்புகள் புதியதில் ஏற மறுக்கின்றன. "மந்திர எண் தவறு" என்ற செய்தி வந்தால், முன்னைய பதிப்பு தொகுத்துவைத்த பிவைசி கோப்பு (விரைவாக ஏற்றுவதற்காக மாற்றிவைத்த செய்நிரல்) ஒன்றைப் புதியது வாசிக்க முயன்றிருக்கிறது. இங்கே ஒவ்வொரு கோப்பாகத் தேடி அழிப்பது வீண் வேலை. ரன்டைம் கோப்புறையின் பெயரில் முழுப் பதிப்பெண்ணையும் சேருங்கள். நிறுவி எப்போதும் புதிய கோப்புறையில் விரிக்கட்டும். சரிபார்ப்பு முழுவதும் தேறியபின் மட்டும் கருவியின் அமைப்புக் கோப்பிலுள்ள ஒரு வரியைப் புதிய கோப்புறைக்கு மாற்றட்டும். பழையதை அடுத்த முறை கருவி நலமாகத் திறந்தபின் அழிக்கலாம். நடுவில் மின்சாரம் போனாலும் அந்த வரி பழைய கோப்புறையையே காட்டிக்கொண்டிருக்கும், வகுப்பு நடக்கும்.